மூன்று மணிக்குப் போகும் குரல்

சவரிமுத்துவின் குரல் தினமும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் காணாமல் போய், ஐந்து மணிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியின் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் பேசினால் மட்டும் மினுங்குகிற விளக்கு அது. ஆனால் தலைமாட்டில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

இதற்காகச் செல்வக்கனி அந்த வீட்டுப் படியேறுவது இது மூன்றாவது முறை. பேச்சு மீட்புத் திட்டத்தின் சர்வீஸ் இன்ஜினியர் அவள். வேம்பாரிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் நாற்பத்தொரு வீடுகளில் இருந்த நாற்பத்தொரு பெட்டிகளும் அவள் பொறுப்பு. ஒரு பெட்டி பழுதானால் ஒரு மனிதர் ஊமையாகிவிடுவார். அதனால் அவள் எந்த அழைப்பையும் தள்ளிப்போடுவதில்லை.

சவரிமுத்து தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் மூளைத்தண்டில் ரத்தம் அடைத்தது. உயிர் தங்கியது, கண்களையும் இமைகளையும் தவிர வேறெதுவும் அசையவில்லை. பதினான்கு மாதம், ஆமென்றால் ஒருமுறையும் இல்லையென்றால் இருமுறையும் கண் சிமிட்டியே அவருக்கும் அவர் மனைவி ஜெசிந்தாவுக்கும் இடையில் குடும்பம் நடந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது.

அது வேலை செய்யும் விதத்தை யார் கேட்டாலும் செல்வக்கனி சலிக்காமல் சொல்வாள். மண்டையோட்டுக்குக் கீழே தபால்தலை அளவில் ஒரு மெல்லிய வலை. நாக்கையும் உதட்டையும் அசைக்கச் சொல்லி மூளை கட்டளை போடும் இடத்தின் மேல் அது படுத்திருக்கும். கட்டளை கிளம்பும், வழியில் நரம்பு அறுந்திருப்பதால் நாக்குக்குப் போய்ச் சேராது. வலை அதைப் பாதியிலேயே பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைச் சொல்லாக்கி, அவருடைய குரலிலேயே ஸ்பீக்கரில் விடும். குரல் எங்கிருந்து கிடைத்தது? துறைமுகத் தொழிலாளர் சங்கத்து வாட்ஸப் குழுவில் அவர் போட்டிருந்த பழைய ஆடியோக்களிலிருந்து. எல்லாம் கிரேன் கேபினிலிருந்து பேசியவை. அதனால் 'தண்ணி வேணும்' என்று மெல்லச் சொல்ல நினைத்தாலும், அவர் குரல் பத்து மாடி உயரத்திலிருந்து கீழே நிற்பவனிடம் கத்துவதுபோலத்தான் வரும்.

பதினான்கு மாத மௌனத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியத்தைச் செல்வக்கனி மறக்கவே இல்லை. "மேல சுத்துற அந்த பேனுக்கு யாராச்சும் எண்ணெய் விடுங்க. மனுசன் எத்தன நாளு கேப்பான்." ஜெசிந்தா அன்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

இப்போது அந்தப் பெட்டி போகப் போகிறது. வியாழக்கிழமை மறுஆய்வு. பெட்டிகள் குறைவு, காத்திருப்போர் பட்டியலில் முந்நூறு பேருக்கு மேல். பெட்டியை வைத்திருப்பவர் நாளொன்றுக்குச் சராசரியாக நாற்பது வாக்கியமாவது பேசியிருக்க வேண்டும் என்பது விதி. பேசாதவருக்குப் பெட்டி எதற்கு என்பது திட்டத்தின் கணக்கு. சவரிமுத்துவின் சராசரி கடந்த இரண்டு மாதத்தில் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.

"காலையில ரெண்டு வார்த்த, சாயங்காலம் ரெண்டு வார்த்த. அவ்வளவுதான்" என்றாள் ஜெசிந்தா. "மத்தியானம் வெளக்கு மட்டும் எரிஞ்சிக்கிட்டே கெடக்கு. என்னத்தப் பேசுதாகன்னே தெரியல. கனி, இத எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா நான் மறுபடி அந்த ரெண்டு கண்ணத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"அதுக்குத்தான வந்திருக்கேன். இருங்கக்கா."

முதல்முறை வந்தபோது காரணம் எளிதாகத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு: புதிதாக ஒரு கருவி வந்து இணைந்தால், பழையதை விட்டுவிட்டுச் சத்தத்தை அதற்குத் திருப்பிவிடும். ஜெசிந்தா டிவியைப் போட்டதும் கணவரின் பேச்சு டிவிக்குள் போய்விட்டது என்று செல்வக்கனி முடிவு செய்தாள். அதைச் சவரிமுத்துவிடம் விளக்கியபோது அவர் உடனே, "கடைசியா வந்த கப்பலுக்கு மொதல் கிரேனா? எங்க ஹார்பர்ல இந்த மாதிரி செஞ்சா அடி விழும்" என்றார். செல்வக்கனி தானாக மாறுவதை நிறுத்திவிட்டுப் போனாள். மறுநாள் மூன்று மணிக்குக் குரல் மீண்டும் போயிற்று. இரண்டாம்முறை தலைமாட்டு ஸ்பீக்கரையே ஒரே கருவியாகக் குறித்துப் பூட்டினாள். பூட்டு அப்படியே இருந்தது, குரல்தான் நிற்கவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். வீட்டு வைஃபையில் சத்தம் வரக்கூடிய கருவிகள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் ஓடியது. டிவி, ஜெசிந்தாவின் போன், தலைமாட்டு ஸ்பீக்கர். மூன்றுதான்.

"அண்ணாச்சி, மூணு மணிக்கு நீங்க என்ன பேசுதீங்கன்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்."

சவரிமுத்து அவளைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று ஸ்பீக்கர் கத்தியது. "சும்மா."

ஜெசிந்தா அடுத்த அறைக்குப் போனாள். பீரோக் கதவு கிரீச்சிட்டது. சிறிது நேரத்தில் திரும்பி வந்து ஈரத்துணியால் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். மூன்று மணி நான்கு நிமிடத்துக்குப் பட்டியலில் நான்காவதாக ஒரு வரி தோன்றியது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஸ்பீக்கரில் சத்தமில்லை. சவரிமுத்து கண்களை மூடியிருந்தார்.

செல்வக்கனி அந்த வரியைப் படித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"அக்கா, உங்க மகன் ஊருக்கு வந்திருக்காரா?"

ஜெசிந்தாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"யாரு சொன்னா?"

"கிளிட்டஸ்னு ஒரு போன் இப்பத்தான் வீட்டு வைஃபையில வந்து சேந்துச்சி."

ஜெசிந்தா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். கிளிட்டஸ் ஏழு வருடத்துக்கு முன்னால் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணியில் போனவன். தோணி போய்ச் சேரவில்லை. ஆறு பேரில் ஒருவர் உடலும் கரைக்கு வரவில்லை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காதென்று தோணி கிளம்பும் முன்னால் பழைய துறைமுகத்து டீக்கடையில் போனைக் கொடுத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். டீக்கடைக்காரர்தான் பிறகு கொண்டுவந்து தந்தார். பழைய பேட்டரி, நாள் முழுக்கச் சொருகி வைத்தால் உப்பிவிடும் என்று கடையில் சொன்னார்கள். அதனால் தினமும் மூன்று மணிக்கு பீரோவுக்குள்ளேயே வைத்துச் சார்ஜ் போடுவாள். ஐந்து மணிக்கு அணைத்துவிடுவாள்.

பெட்டி பொருத்திய அன்று விண்ணப்பத்தை நிரப்பியவள் செல்வக்கனிதான். வீட்டு ஆட்கள் பெயரும் போனும் கேட்டாள். ஜெசிந்தா மூன்று பெயர் சொன்னாள்: தன் பெயர், பெங்களூரில் இருக்கும் மகள் பெனிட்டா, மகன் கிளிட்டஸ். 'மகன் எங்கேக்கா?' என்றதற்கு, 'தோணியில போயிருக்கான்' என்றாள். உடல் வராத மகனை அவள் அப்படித்தான் சொல்வாள். ரேஷன் கார்டிலும் பெயரை எடுக்கவில்லை. செல்வக்கனி தலையாட்டிக்கொண்டு மூன்று பெயரையும் ஏற்றிவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லாப் பெட்டிகளுக்கும் ஓர் அப்டேட் வந்தது. அதனுடன் நாற்பது பக்கக் குறிப்பும் வந்தது. அவள் படிக்கவில்லை. இப்போது நின்றபடியே தேடி, பதினேழாம் பக்கத்தில் கண்டுபிடித்தாள்.

"இப்ப புரியுது. புதுசா ஒரு வசதி குடுத்திருக்காங்க. அவுக யார் பேரையாவது சொல்லிக் கூப்பிட்டா, பெட்டி அந்தப் பேருக்குரிய போனைத் தேடும். போன் ஆன்ல இருந்துச்சின்னா, குரல் நேரா அதுக்குப் போயிரும். மார்க்கெட்டுல நிக்கிற உங்களக் கூப்பிட்டா உங்க போன்லயே பேசலாம்ங்கிற மாதிரி. நான் போட்ட பூட்டுக்கு மேல இது ஏறி உக்காந்திருக்கு. போன் அணைஞ்சிருந்தா ஸ்பீக்கருக்கே திரும்பிரும்." சொல்லிக்கொண்டே வந்தவள், தான் என்ன சொல்கிறோம் என்பது உறைத்ததும் நிறுத்தினாள்.

"அவுக அந்தப் பேர எடுத்தே ஏழு வருசம் ஆச்சி" என்றாள் ஜெசிந்தா. "எம் முன்னால ஒருதடவ கூடச் சொன்னதில்ல."

அவள் அடுத்த அறைக்கு நடந்தாள். செல்வக்கனி பின்னால் போனாள். பீரோவைத் திறக்கும்முன்பே கேட்டது. துணிகளுக்கு நடுவில் யாரோ தொலைதூரத்திலிருந்து கத்துவதுபோல ஒரு முணுமுணுப்பு. கதவு கிரீச்சிட்டது.

"...சீலா மீன் கொழம்பு வச்சிருக்கா உங்கம்மா. எனக்குக் குழாயிலதான ஊத்துதாக, வாசனையோட சரி. அந்த பேன் இன்னும் சத்தம் போடத்தான்ல செய்யுது. நீ இருந்தா ஏறிக் கழட்டியிருப்ப."

ஜெசிந்தாவின் வாயோரம் லேசாக அசைந்தது, ஏறக்குறைய சிரிப்பு. போனைக் கையில் எடுத்தாள். மூலை உடைந்த கண்ணாடி, சார்ஜர் வயர் தொங்கியது.

"ஏல கிளிட்டஸ். அன்னைக்குக் காலையில நீ போன் பண்ணும்போது நான் கிரேன் மேல இருந்தேன். ஷிப்டு முடியப் போற நேரம். பம்பு இழுக்கல, அடியில தண்ணி ஏறுது, எறங்கிரட்டாப்பான்னு கேட்ட."

"அக்கா, வேண்டாம். போன வச்சிருங்க" என்றாள் செல்வக்கனி. ஜெசிந்தா அசையவில்லை.

"தோணி ஓனருட்ட ஒனக்காக நான் வாக்குக் குடுத்திருந்தேன். எறங்கி வந்தா எம் மானம் போயிரும்னு பாத்தேன். பயந்தாங்கொள்ளி மாதிரி எறங்காதல, போன்னு..."

ஜெசிந்தா வயரைப் பிடுங்கினாள். அந்தப் பேட்டரிக்கு ஒரு நொடி தாங்கவும் தெம்பில்லை. திரை இருண்டது. செல்வக்கனி சற்றுமுன் விளக்கியபடியே பெட்டி செய்தது: போகும் இடம் மூடிக்கொண்டதும் குரலைத் தலைமாட்டு ஸ்பீக்கருக்குத் திருப்பியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி, சவரிமுத்து கத்தினார்.

"...நாந்தாம்ல போகச் சொன்னேன். நீ எம் பேச்சக் கேக்காமப் போயிட்டன்னு உங்கம்மாட்டச் சொன்னது பொய்."

பிறகு எதுவும் வரவில்லை. தன் குரலைத் தானே கேட்டிருப்பார். மின்விசிறி மட்டும் ஓசையிட்டது.

ஜெசிந்தாதான் முதலில் பேசினாள்.

"நான் ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. மனசுல நெனைக்கிறதயெல்லாம் இந்தப் பெட்டி பிடுங்கிச் சொல்லிருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டியைப் பற்றிப் பொய் சொல்லச் செல்வக்கனிக்கு வராது. "இல்லக்கா. நெனப்பு வேற எடத்துல ஓடும், வலைக்கு அது எட்டாது. வாயத் தெறந்து சொல்லணும்னு முயற்சி பண்ணாத்தான் பெட்டிக்கு வரும்."

"அப்போ சொல்லணும்னுதான் சொல்லிருக்காக."

"ஆமா."

"யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சி."

"பீரோக் கதவுச் சத்தம் கேட்டதுக்கப்புறம் அந்தப் பேரச் சொன்னா, ஸ்பீக்கர்ல வராதுன்னு எப்படியோ கண்டுபிடிச்சிருக்காரு. குரல் எங்க போவுதுன்னு தெரிஞ்சிருக்காது."

ஜெசிந்தா போனை அடுக்கிய துணிகளின்மேல் வைத்தாள். "இதுல அவன் கடைசியாப் பேசுனது அவுகட்டத்தான். காலையில அஞ்சி நாப்பது, நாலு நிமிசம். இன்னைக்கும் காட்டும். என்ன சொன்னான்னு கேட்டேன். போகாதன்னேன், கேக்காமப் போயிட்டு வாரேன்னு சொன்னான்னாக. நாலு நிமிசமா போயிட்டு வாரேன்னு சொல்லுவான்? நான் திருப்பிக் கேக்கல." பீரோவைச் சாத்தினாள். "வியாழக்கெழம வந்து பெட்டியக் கொண்டு போகட்டும். நீ கெளம்பு."

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே செல்வக்கனி வந்தாள். முந்தின நாள் மாலை முழுவதும் பெட்டியின் வாக்கியக் கணக்கைப் புரட்டியிருந்தாள். ஜெசிந்தா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

செல்வக்கனி நேராகக் கட்டிலுக்குப் போய் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அவருடைய குரல் எங்கே போனது, எப்படிப் போனது, அதில் தன்னுடைய தவறுகள் இரண்டு என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதை முதலில் அறிய வேண்டியவர் அவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"முழுசும் கேட்டாளா?" என்றது ஸ்பீக்கர்.

"கேட்டாக, அண்ணாச்சி."

அவர் மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பெட்டிய எடுத்துட்டுப் போ."

"எடுக்க மாட்டா." வாசற்படியில் ஜெசிந்தா நின்றிருந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. "நான் இன்னும் கேட்டு முடிக்கல."

செல்வக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது விளக்குவது ஒன்றுதான். விளக்கினாள்.

"மறுஆய்வுக்கு வர்றவங்க எண்ணிக்கையத்தான் பாப்பாங்க. பெட்டி எப்பவும் ஒரு கருவியத்தான் எண்ணும். எதக் குறிச்சி வச்சிருக்கோமோ அதுல வந்த வாக்கியம் மட்டும். மத்ததெல்லாம் இதரன்னு ஒரு மூட்டையில பேரில்லாமக் கெடக்கும். ஸ்பீக்கரக் குறிச்சி வச்சிருக்கதால பதினொண்ணு காட்டுது. ஆனா இந்த ரெண்டு மாசத்துல அந்த மூட்டையில நாலாயிரத்து எண்ணூறு வாக்கியம் இருக்கு. ஒரு நாளைக்கு எம்பதுக்கு மேல. குறிச்ச கருவிய மாத்தினா, அதுல வந்த பழசையும் சேத்து எண்ணிரும். ஸ்பீக்கருக்குப் பதிலா கிளிட்டஸ் போனக் குறிச்சா பெட்டி இங்கயே இருக்கும். மறுஆய்வு முடிஞ்சதும் பழையபடி ஸ்பீக்கருக்கே மாத்திரலாம்."

"மாத்த வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா.

"அக்கா, அது பழைய போன். ஒண்ணையே பூட்டி வச்சா வேற எங்கயும் குரல் போகாது. அந்தப் போன் செத்துச்சின்னா அண்ணாச்சி பேச்சும் நின்னுரும். அதே மாதிரிப் போன் இப்பக் கிடைக்கவும் செய்யாது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

ஜெசிந்தா உள்ளே வந்தாள். கணவரைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைத்தான் பார்த்தாள். "இதுல பேசுனா எங்கிட்டப் பேசுவாக. எங்கிட்ட ஏழு வருசமாப் பொய்தான் பேசிருக்காக. அவன் போன்ல பொய் சொல்லல. இனிம என்ன பேசுனாலும், தண்ணி வேணும்னாலும் சரி, அதுலயே பேசட்டும். நான் பக்கத்துல உக்காந்து கேக்கேன்."

அது மன்னிப்பா தண்டனையா என்று செல்வக்கனிக்குப் பிடிபடவில்லை. ஜெசிந்தாவுக்கே தெரிந்திருக்கும் என்றும் தோன்றவில்லை. கட்டிலை நோக்கித் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அக்கா சொல்லிட்டாகன்னு நான் மாத்த முடியாது. ஒங்க குரல். நீங்க சொல்லணும்."

விளக்கு மினுங்கவில்லை. தெருவில் மீன்காரியின் வண்டி ஒலிபெருக்கியோடு வந்து, நின்று, போயிற்று. ஜெசிந்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சவரிமுத்துவின் கண் அவள்மேல் நின்றது. பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. மறுபடி மினுங்கியது.

"அவன நான் பயந்தாங்கொள்ளின்னேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "மாத்து" என்றார்.

ஜெசிந்தா பீரோவிலிருந்து போனைக் கொண்டுவந்தாள். தலைமாட்டு ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் போனை ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்தினார்கள். இனி நாள் முழுக்கச் சொருகியே இருக்கப் போவதால், உப்பினாலும் இடமிருக்கும்படி, காற்று படும்படி, பேட்டரி மூடியைக் கழற்றி வைத்தாள் செல்வக்கனி. வயர் காலில் தட்டாதபடி கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். எண்ணிக்கை எண்பத்திரண்டு என்று காட்டியது. பிறகு, தான் இல்லாத நாளில் வேறு யாராவது வந்து பார்த்தாலும் விளங்கும்படி, ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினாள்:

குரல் வரும் கருவி: கிளிட்டஸ் போன். இது ஒன்று மட்டும்.
பெயர் சொன்னால் மாறுவது: நிறுத்தப்பட்டது.
புதுக் கருவி வந்தால் மாறுவது: நிறுத்தப்பட்டது.
சார்ஜரைப் பிடுங்கக் கூடாது.